கல்லூரி மாணவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தால் அவர்களிடம் என்ன வேலை தருவது?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் நான். அருகிலுள்ள கலை அறிவியல் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியைச் சேர்ந்த 20 மாணவர்கள், வாரம் ஒருமுறை வந்து எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட விரும்புகிறார்கள். வகுப்பில் 48 பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் கணிதத்தில் தடுமாறுகிறார்கள். சென்ற ஆண்டு வந்தவர்கள் தன்னம்பிக்கை பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பேனரோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த முறை உருப்படியாக ஏதாவது நடக்க வேண்டும். எப்படி ஏற்பாடு செய்யலாம்? அனுமதி, பாதுகாப்பு, தொலைபேசி எண் பகிர்வது ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வருகிறவர்களின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிடாதீர்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. பத்தொன்பது வயது மாணவரை 48 பேருக்கு முன்னால் நிறுத்தினால் அவர் பயிற்சி பெறாத ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். அதே மாணவர் ஆறு பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தால், உங்கள் கணித ஆசிரியர் எவ்வளவு விரும்பினாலும் ஒரு பாடவேளைக்குள் செய்ய முடியாத வேலையைச் செய்வார்: ஒவ்வொரு நோட்டையும் வரி வரியாகப் பார்த்து, கணக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று கண்டுபிடிப்பார். ஆகவே பாடம் நடத்துவது ஆசிரியராகவே இருக்கட்டும். நடத்திய பாடத்தில் பிள்ளைகள் கணக்குப் போடும்போது பக்கத்தில் இருப்பது கல்லூரி மாணவர்களின் வேலையாகட்டும். அந்தப் பாடவேளை முழுவதும் ஆசிரியர் வகுப்பிலேயே இருந்தாக வேண்டும். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் செய்ய வேண்டிய பதிவேற்றத்தை முடித்துவிட நல்ல வாய்ப்பு என்று அவருக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆசிரியர் வெளியேறிய வகுப்பில் கல்லூரி மாணவர்களின் பாதி நேரம் சத்தத்தை அடக்குவதிலேயே போய்விடும்.

இப்படிப் பக்கத்தில் அமரும் முறைக்கு நன்கு பழகிய முன்மாதிரி ஒன்று அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை மேரி கேத்தரின் ஸ்வான்சன் 1980-இல் தொடங்கிய அவிட் என்னும் திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் பள்ளி நேரத்திலேயே வகுப்புக்கு வந்து சிறு குழுக்களோடு அமர்கிறார்கள். குழுவில் ஏழு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காமல் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அதிலிருந்து நீங்கள் இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பிள்ளை வெறுங்கையோடு குழுவில் வந்து உட்காருவதில்லை. தனக்குப் புரியாத ஒரு கேள்வியையும், அதில் எதுவரை தானே முயன்றது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு வர வேண்டும். "கணக்கே வரவில்லை" என்று எழுதி வந்தால் போதாது. "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை" என்று எழுதப் பழக்க வேண்டும், அதற்கே சில வாரங்கள் பிடிக்கும். இரண்டாவது, கல்லூரி மாணவர் விடையைச் சொல்வதில்லை. கேள்வி கேட்கிறார், குழுவிலுள்ள மற்றவர்களையும் கேட்க வைக்கிறார்.

இரண்டாவது விதியைக் கடைப்பிடிப்பதுதான் கடினம், ஏனெனில் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடும் ஆசை இளைஞர்களுக்கு அதிகம். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து, 3-ம் 4-ம் சேர்ந்து 7 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். "தப்பு, முதலில் கூட்டு" என்று சொன்னால் அந்த ஒரு கணக்கு சரியாகும். அடுத்த பக்கத்தில் அதே பிழை திரும்ப வரும். மாறாக, "ஏழின் வர்க்கம் எவ்வளவு, தம்பி?" என்று கேட்டால் 49 என்று பதில் வரும். "சரி, ஒன்பதும் பதினாறும் சேர்ந்தால்?" 25. அந்த இடத்தில் பிள்ளை தன் நோட்டைத் தானே மறுபடி பார்க்கும். அதன் பிறகு, கூட்டலுக்குப் பதில் பெருக்கல் இருந்தால் இப்படிப் பிரிக்கலாமா என்று குழுவையே சோதிக்கச் சொல்லலாம்: 9-ஐ 16-ஆல் பெருக்கினால் 144, அதன் வர்க்கமூலம் 12, அதுவே 3-ஐ 4-ஆல் பெருக்கினாலும் கிடைக்கிறது. கூட்டலில் செல்லாத வழி பெருக்கலில் செல்லும் என்பதை அவர்களே கண்டுகொண்டால், பின்னால் வரும் முறுடுகளை (√2 போன்ற விகிதமுறா மூலங்களை)ச் சுருக்கும் பயிற்சியை மனப்பாடமாகச் செய்ய வேண்டியிராது. முதல் வகுப்புக்கு முன்பே உங்கள் கணித ஆசிரியர் கல்லூரி மாணவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இவ்வாறு அடிக்கடி வரும் பிழைகள் நான்கைந்தை எடுத்து, விடை சொல்லாமல் கேள்வியால் எப்படி நகர்த்துவது என்று நடித்தே காட்ட வேண்டும். தமிழ்வழிப் பாடநூலையும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

20 பேரையும் ஒரே வகுப்பில் ஏற்க வேண்டியதில்லை. ஆறு பிள்ளைகள் கொண்ட எட்டுக் குழுக்களுக்கு எட்டுப் பேரும், யாராவது வராத நாளில் அந்தக் குழுவை எடுத்துக்கொள்ள இருவருமாகப் பத்துப் பேர் போதும். மற்றவர்களை வேறொரு பள்ளிக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும்போது இரண்டாம் ஆண்டு மாணவர்களையும், அவர்களிலும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் முதலில் பாருங்கள். கணிதப் பட்டப்படிப்பு மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய காலாண்டுத் தேர்வு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் போடச் சொன்னாலே தகுதி தெரிந்துவிடும். நன்றாகப் போடுபவர், தடுமாறுபவர் இருவகையினரையும் ஒவ்வொரு குழுவிலும் கலந்து அமையுங்கள். அமைத்த பிறகு ஆண்டு முடியும்வரை குழுவையும் வழிகாட்டியையும் மாற்றாதீர்கள்.

மாற்ற வேண்டாம் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்னும் அமெரிக்க வழிகாட்டி அமைப்பின் தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்குப் பலன் மிகுதியாக இருந்தது. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகள் தம்மைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்திருந்தது. அந்த அமைப்பில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே சந்திப்பார்கள் என்பதால் அதை அப்படியே உங்கள் வகுப்புக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வருவேன் என்று சொன்ன அண்ணனோ அக்காவோ வராமல் போனால், காரணம் தானே என்று நினைத்துக்கொள்ளும் வயது இது. நாலு வாரம் வந்து நின்றுபோவதற்கு, சென்ற ஆண்டின் பேனர் நிகழ்ச்சியே மேல். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இத்தகைய ஏற்பாடுகள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் மனமின்மை காரணமல்ல, நாட்காட்டிதான் காரணம். உங்களுக்குச் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அவர்களுக்கு நவம்பரையொட்டிப் பருவத் தேர்வு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, வர இயலாத வாரங்களை முன்பே அடித்துவிட்டு, ஜூலையில் தொடங்கி ஜனவரி இறுதியில் முடியும்படி திட்டமிடுங்கள். எந்த வாரம் வரமாட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். இந்த வருகையை அந்தக் கணக்கில் முறையாகப் பதிவதாகத் திட்ட அலுவலர் எழுதிக் கொடுத்தால், பாதியில் நின்றுவிடுபவர்கள் குறைவார்கள்.

பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களைக் கணக்கில்லாத பேச்சுக்கு விடுங்கள். வழிகாட்டல் என்று நீங்கள் எதிர்பார்ப்பது அங்கேதான் நடக்கும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தால் எந்தக் கதவு அடைபடும், பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன ஆவணம் கேட்பார்கள், மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் யார் வருவார்கள் என்பவை, அண்மையில் அந்த வரிசைகளில் நின்று வந்தவர் சொல்லும்போது நன்றாக ஏறும். சொற்பொழிவு மட்டும் வேண்டாம். பிள்ளைகள் கேட்க, அவர்கள் சொல்லட்டும்.

அனுமதியில் அலட்சியம் கூடாது. 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவரின் சொற்பொழிவு எழுப்பிய சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி முதல்வரிடமிருந்து பெயர்ப்பட்டியலோடு கடிதம் பெற்று, மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்துப் பதிவு செய்யுங்கள். பட்டியலில் இல்லாதவர் நண்பரோடு சேர்ந்து வந்தாலும் வகுப்புக்குள் விடாதீர்கள். எந்தப் பிள்ளையும் எந்த வழிகாட்டியோடும் தனியறையிலோ மாடிப்படியிலோ பேசிக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாம் வகுப்பில், ஆசிரியரின் பார்வையில் நடக்க வேண்டும்.

வீட்டு வன்முறை, குழந்தைத் திருமண ஏற்பாடு, பாலியல் தொல்லை போன்றவற்றைப் பிள்ளைகள் ஆசிரியரிடம் சொல்வதற்கு முன் இந்த அக்காமாரிடம் சொல்லக்கூடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் புகார் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடமை கல்லூரி மாணவருக்கும் உண்டு. அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தொலைபேசி எண் குறித்த உங்கள் கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. வாட்ஸ்அப் குழுவும் இன்ஸ்டாகிராம் தொடர்பும் வேண்டாம். வாரத்தின் இடையில் சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிவைத்து அடுத்த வருகையில் கேட்கட்டும். படம் எடுப்பதைப் பொறுத்தவரை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் பிள்ளைகளின் முகம் எங்கும் வெளியாகக் கூடாது. கல்லூரியின் அறிக்கைக்குப் படம் கட்டாயம் தேவையென்றால், ஜனவரியின் கடைசி வருகையில் பிள்ளைகள் போட்ட கணக்கு நோட்டுகளை அடுக்கிவைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.