மணல் போடாத கரைசலிலும் நீல இழை வந்தால்

பெசன்ட் நகர் கடற்கரை மணலை உப்புக்கரைசலில் கலக்கி, மிதக்கும் பிளாஸ்டிக் நுண் இழைகளை வடிகட்டி எண்ணுகிறீர்கள். மணலே சேர்க்காத வெறும் உப்புக்கரைசலை வடிகட்டியும் நீல இழைகள் வருகின்றன என்றால், அவை மணலிலிருந்து வந்தவை அல்ல. அவற்றைக் கழிக்காமல் அண்டார்டிகா பென்குயின் எச்சத்தில் கிடைத்த இழைகளோடு ஒப்பிடாதீர்கள்.

என் சந்தேகம் நீங்கள் போட்டிருக்கும் பாலியஸ்டர் உடுப்பின் மேல்தான். மேலே ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். துருவ ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலி உண்டு: 2022-இல் வெளியான அண்டார்டிகா ராஸ் தீவுப் புதுப்பனி ஆய்வில் அதிகம் கிடைத்தது பெட் பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் செய்கிற அதே சரக்கு.

ஈரமான வடிதாள் ஒன்றை மேசையில் திறந்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். முடிந்ததும் அதில் விழுந்த இழைகளை எண்ணுங்கள். அப்புறம் பருத்திச் சட்டை போட்டு, ஃபேனை நிறுத்தி (சென்னையில் கொடுமைதான்) மறுபடி செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆள் அகப்பட்டாச்சு. சூடான ஊசியைக் கிட்டே கொண்டுபோனால் பாலியஸ்டர் சுருண்டு உருகும், பருத்தி உருகாது.

ஒன்று மட்டும்: சமையல் உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2 தான், பாலியஸ்டருடையது சுமார் 1.38. மணலில் நிஜமாகவே இருக்கும் பாலியஸ்டர் பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிடும். அதனால் மிதந்த கணக்கை மொத்தக் கணக்கு என்று எழுத வேண்டாம்.