பிள்ளைகளோடு செட்டிநாடு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

காரைக்குடியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். பெரியவன் கல்லூரிக்குப் போய்விட்டான், சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. விடுமுறை வந்தால் ஊருக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகள் இவை.

அக்கா, சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறோம். பையனுக்கு ஏழு, பெண்ணுக்கு நாலு வயது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால். நான் ஓடியிருக்கிறேன். பெரியவனுக்கு ஆறு வயது இருக்கும்போது இதே ஐந்து ஊரையும் ஒரே நாளில் முடித்தோம். மதியம் இரண்டு மணிக்குத் திருமயம் கோட்டைப் பாறையில் ஏற்றினேன். தண்ணீர் பாட்டில் கீழே காரிலேயே கிடந்தது. பாதி வழியில் அவன் உட்கார்ந்துவிட்டான், நான் நாலு பேர் பார்க்கத் திட்டினேன். ராத்திரி அப்பத்தா, "இன்னைக்கு என்னடா பார்த்தே?" என்று கேட்டதற்கு, "ஆட்டுக்குட்டி" என்றான். கோட்டை வாசலில் மேய்ந்த குட்டி அது. 1687-இல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையும் மேலே இருக்கும் பீரங்கியும் அவன் கணக்கில் வரவே இல்லை.

அன்றோடு விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் தூக்கம். திருமயத்தை அடுத்த பயணத்துக்கு வையுங்கள், அது எங்கேயும் போய்விடாது.

ஆத்தங்குடியில் நாலு வயதுக் குழந்தைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் டைல்ஸ்தானே?

பெரியவர்களுக்குத்தான் அது டைல்ஸ். பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் பூ வடிவத்தில் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சு. சாயம் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். பிறகு அச்சை மேலே தூக்குவார்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும்! மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, கலவை போட்டு மட்டம் செய்து, காயவைத்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். சூளையும் கிடையாது, பாலிஷ் இயந்திரமும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது.

என் சின்னவள் அந்த அச்சைத் தூக்கும் கணத்துக்காகவே பதினைந்து கல் முடியும்வரை நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். சாயத்தில் கை வைக்க விடாதீர்கள், சிமென்ட் தோலை அரிக்கும்.

பிள்ளையார்பட்டி வரிசையில் குழந்தை நிற்க மாட்டாள். என்ன செய்வது?

விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்தளம் காலைச் சுடும். வரிசையில் ஒரு விடுகதை போடுங்கள்: "இந்தப் பிள்ளையாருக்கு எத்தனை கை?" வழக்கமாக நான்கு, இங்கே இரண்டுதான். தும்பிக்கையும் வலப்பக்கம் சுழித்திருக்கும். தானே கண்டுபிடித்துவிட்டால் திரும்ப இன்னொரு முறை பார்க்கணும் என்பாள், ஜாக்கிரதை.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆறு வயது மகனை அபாகஸ், கீபோர்டு, சிலம்பம், இந்தி என்று சேர்த்திருக்கிறோம். எதிலும் ஒட்டவில்லை.

நாலும் உங்கள் விருப்பமா, அவன் விருப்பமா தம்பி? மூன்றை நிறுத்துங்கள். எதை வைத்துக்கொள்வது என்பதை அவனே சொல்லட்டும். என் மகளைப் பரதத்தில் சேர்த்து மூன்று முறை பணம் கட்டினேன். மூன்று முறையும் நின்றுவிட்டாள். ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி பனையோலையை நனைத்துக் கொட்டான், அதாவது சின்ன ஓலைக்கூடை, முடைவதைப் பார்த்தவள், விடுமுறை முழுக்க அங்கேயே கிடந்தாள். முதல் கொட்டான் கோணலாக வந்தது. ஆச்சி அதைத் திருத்தவே இல்லை. இப்போதும் எங்கள் வீட்டில் வெங்காயம் அதில்தான்.

பறவை பார்க்க வேட்டங்குடி போகலாமா?

வடகிழக்கு மழை பெய்து கண்மாய் நிரம்பிய பிறகு போங்கள். வறண்ட கண்மாயைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம். வரைபடத்தில் வெறுமனே திருப்பத்தூர் என்று போட்டு, வடக்கே இருக்கிற இன்னொரு திருப்பத்தூருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நத்தை குத்தி நாரையைக் காட்டுங்கள், அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். கண்மாயை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதைக் கேட்டதும் என் மகன், "அந்த ஊர்ப் பிள்ளைங்க அழாதா அம்மா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. டீக்கடையில் இருந்த ஒரு பெரியவரிடமே கேட்கச் சொன்னேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதிமூன்று வயது மகன். எங்கே போனாலும் போன்தான்.

வீட்டில் முதலில் தாயம் ஆடுங்கள், நன்றாகத் தோற்றுப்போங்கள். அப்புறம் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், 2023-இல் திறந்தது. அங்கே தந்தத்தில் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் இருக்கின்றன. பானை ஓட்டில் "ஆதன்" என்று பெயர் கீறியிருப்பதையும் காட்டுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், படம் எடுக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள்.

செட்டிநாட்டுச் சாப்பாடு குழந்தைக்குக் காரமாக இருக்காதா?

இருக்கும். வெள்ளைப் பணியாரம் வாங்கிக் கொடுங்கள். கூடவே வரும் காரச் சட்னியை நீங்கள் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குத் தட்டில் கொஞ்சம் சீனி வைக்கச் சொல்லுங்கள்.