மாரிட்ஸ்பர்க்: நிலையமும் சிறையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் ஜூன் மாதம் அலுவல் காரணமாக டர்பன் செல்கிறேன். இரண்டு வாரத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் எனக்கென்று கிடைக்கும். காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் அங்கே போக எண்ணியிருந்தேன். ஆனால் டர்பனில் பணியாற்றும் நண்பர், "அங்கே ஒரு பலகையும் ஒரு சிலையும்தான் இருக்கின்றன, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் ஏதாவது பார்த்துவிட்டு வரலாம்" என்கிறார். தாங்கள் அந்த ஊருக்குச் சென்றுவந்ததை ஓர் உரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒரு பலகையைப் பார்க்க அவ்வளவு தூரம் போவது வெறும் உணர்ச்சிவசப்படுதல்தானா?

அன்புடன்,
சரவணன், கோவை

அன்புள்ள சரவணன்,

ரயில் நிலையத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது சரிதான், அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் மாரிட்ஸ்பர்க் என்றால் அந்த நடைமேடை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஓர் இரவு அங்கே தங்கி, ஞாயிறு மாலை திரும்புங்கள். தங்கச் சொல்வதற்குக் குளிரும் ஒரு காரணம். டர்பனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான் என்றாலும், கடல்மட்டத்திலிருந்து புறப்படும் சாலை மேடேறிக்கொண்டே போய் சுமார் 600 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் உங்களை இறக்கிவிடும். ஜூன் மாதம் அங்கே நடுக்குளிர்காலம். டர்பனில் அரைக்கைச் சட்டையோடு திரிந்த தைரியத்தில் நான் கம்பளிச் சட்டையை அங்கேயே பெட்டியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மாலை ஐந்தரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும் பல் கிட்டிப்போயிற்று. 1893 ஜூன் 7ஆம் தேதி இரவை எத்தனையோ முறை படித்திருந்தும், அதில் குளிர் என்று ஒன்று இருந்ததை அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

அந்த இரவைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் சற்றுப் பெரிதுபடுத்தப்பட்டது. நடந்ததோ சின்னச் சின்ன விஷயங்களால் ஆனது. டர்பனில், வழக்குக்காக அவரை அமர்த்தியிருந்த வணிகர் தாதா அப்துல்லா, ஐந்து ஷில்லிங் கட்டிப் படுக்கைச் சீட்டும் வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தியிருக்கிறார். இருபத்துமூன்று வயது வழக்கறிஞரான காந்தி பிடிவாதத்தாலும் சிக்கனத்தாலும் மறுத்துவிட்டார். இரவு ஒன்பது மணியளவில் ரயில் மாரிட்ஸ்பர்க்கை அடைந்தபோது, படுக்கை வேண்டுமா என்று கேட்டு வந்த ஊழியரிடம் தன்னிடமே இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதன்பின் ஒரு வெள்ளைக்காரப் பயணி வந்து பார்த்துவிட்டுப் போய் அதிகாரிகளை அழைத்துவந்ததும், முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காவலரால் வெளியேற்றப்பட்டதும் நாம் அறிந்தவை. வெளிச்சமில்லாத காத்திருப்பு அறையில் அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலங்கி ரயில்வேயின் பொறுப்பில் போய்விட்ட பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கவில்லை. மறுநாள் மாலை அதே வழியில் பயணத்தைத் தொடர்ந்தபோது, டர்பனில் மறுத்த அந்தப் படுக்கைச் சீட்டை வாங்கிக்கொண்டார். இவற்றையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

இடையில் ஒரு பகல் இருந்தது. எனக்கு அந்த இரவைவிட இந்தப் பகல்தான் முக்கியமாகப் படுகிறது. தாதா அப்துல்லாவின் தந்தி கிடைத்து அவரைப் பார்க்க வந்த உள்ளூர் இந்திய வணிகர்கள், இதில் புதிதாக ஒன்றுமில்லை, எங்களுக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று தங்கள் கதைகளைச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். அந்த ஊருக்கு அது வழக்கமான செய்தி. நிலையம் செங்கல்லால் ஆன விக்டோரியா காலக் கட்டடம். நடைமேடையில் உள்ள பலகை, காந்தி இறக்கிவிடப்பட்டது இதன் "அருகாமையில்" என்று மட்டுமே சொல்கிறது. இன்ன இடம் என்று அடித்துச் சொல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. காத்திருப்பு அறையில் ஒரு சிறு காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சர்ச் தெருவில் நடந்தால், நூற்றாண்டை ஒட்டி 1993இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு திறந்துவைத்த காந்தி சிலை வரும். பயணக் குழுக்கள் இத்துடன் திரும்பிவிடுகின்றன.

நீங்கள் திரும்பாதீர்கள். நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத பர்கர் தெருவில் பழைய சிறைச்சாலை இருக்கிறது. சிறையாக இயங்குவது நின்று பல ஆண்டுகளாகி, இப்போது தேவாலயங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தொண்டு அமைப்பிடம் உள்ளது. 1913இல் சத்தியாகிரகப் பெண்கள் அடைக்கப்பட்டது மாரிட்ஸ்பர்க்கில்தான். கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று பொருள்படும் ஒரு தீர்ப்பு அந்த ஆண்டு மார்ச்சில் வந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளர்மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரியும் இருந்துவந்தது. இரண்டையும் எதிர்த்து, அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடந்து பெண்கள் கைதானார்கள். டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட குழுவில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், சிலரிடம் கைக்குழந்தைகள். அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள், வேலைநிறுத்தம் மூண்டது. அதன்பிறகே அரசு அவர்களைக் கைது செய்து மூன்று மாதம் உள்ளே தள்ளியது. கஸ்தூர்பாவும் அப்போது அங்கே கைதி.

சிறையில் அவர்களுக்குத் தரப்பட்ட வேலை துணி வெளுப்பது. உணவு படுமோசம். விரதம் காரணமாகக் குறிப்பிட்ட உணவை மட்டுமே உண்ணக்கூடிய ஒரு பெண்ணுக்கு ஆலிவ் எண்ணெய் தேவைப்பட்டது. முதலில் மறுத்து, பிறகு கொடுத்தபோது அது கெட்டு வாடையடித்த பழைய எண்ணெயாக இருந்தது என்று காந்தி குறிப்பிடுகிறார். கொடுமைகளின் பட்டியலில் மிகச் சிறியது இதுதான், ஆனாலும் அந்த வளாகத்தில் நின்றபோது எனக்கு நினைவில் வந்தது அந்த எண்ணெய்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கே காய்ச்சலில் விழுந்து, விடுதலையான சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது பதினாறுதான். தில்லையாடி அவருடைய தாயின் ஊர், அதை அவர் பார்த்ததே இல்லை. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம், அங்கே போர்வை வாங்கியிருக்கிறோம். அவருக்குக் காய்ச்சல் வந்த ஊர் எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? அந்த ஆண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது, திருமணங்களை ஏற்றது. காத்திருப்பு அறையில் ஒருவர் தனியாகக் குளிரில் உட்கார்ந்திருந்ததற்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள். இந்த இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்க்கலாம் என்பதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

நகரத்தின் மற்ற அடுக்குகளையும் பாருங்கள், அங்கே இந்தியர் கதை மட்டும் இல்லை. டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் தலைவர் பியட் ரெட்டீஃப் 1838 பிப்ரவரியில் ஜூலு மன்னர் டிங்கானின் தலைநகரில் கொல்லப்பட்டார். டிசம்பரில் போயர்கள் பழிதீர்த்து வென்று, ரெட்டீஃப், கெர்ட் மாரிட்ஸ் இருவரின் பெயரால் இந்த நகரை அமைத்தார்கள். ஜூலு மக்களோ இந்த ஊரை உம்குங்குன்ட்லோவு என்றே அழைக்கிறார்கள். ரெட்டீஃப் கொல்லப்பட்ட அந்தத் தலைநகரின் பெயரும் அதுவேதான்! வெற்றிக்கு நேர்த்திக்கடனாக போயர்கள் 1841இல் கட்டிய சிறிய தேவாலயம் இன்று அருங்காட்சியக வளாகத்தில் உள்ளது. 1843இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய நகர மண்டபம் 1898இல் எரிந்து 1901இல் மீண்டும் எழுந்தது. தெற்கு அரைக்கோளத்திலேயே பெரிய செங்கல் கட்டடம் என்று ஊரார் சொல்லிக்கொள்வதை நான் அளந்து பார்க்கவில்லை, ஆனால் மாலை வெயிலில் அழகாக இருக்கும். தெருப்பெயர்களையும் கவனியுங்கள். லாங்மார்க்கெட் தெரு இப்போது, 1873 கலகத்துக்காக இந்த நகரிலேயே விசாரிக்கப்பட்டு ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்ட ஆப்பிரிக்க இனக்குழுத் தலைவர் லங்கலிபலேலேயின் பெயரில் இருக்கிறது. பெர்க் தெரு, 1977இல் காவலில் இறந்த பல் மருத்துவர் ஹூசென் ஹஃபேஜியின் பெயரில் இருக்கிறது.

லங்கலிபலேலே தெருவில்தான் சிவசுப்ரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை, இந்த ஊரும் டர்பனும் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஒன்றரை இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். இங்கே தீமிதி புனித வெள்ளி அன்று நடக்கும். ஞாயிறு காலை போனால் பெரியவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள், ஆங்கிலத்தில். தமிழ் பெரும்பாலும் பாடலிலும் மந்திரத்திலும் மிஞ்சியிருக்கிறது. மூட்லி என்று அறிமுகப்படுத்திக்கொள்பவர் முதலி, கோவெண்டர் என்பவர் கவுண்டர். கோவைக்காரரான உங்களுக்கு அங்கே உறவுமுறை விசாரிக்கத் தோன்றும், ஆனால் சாதியை மட்டும் விசாரித்துவிடாதீர்கள். பலருக்கு அது குடும்பப் பெயர் மட்டுமே.

நேரமிருந்தால் ஞாயிறு பிற்பகலில் பக்கத்து ஊரான ஹோவிக் வரை போகலாம். 1962 ஆகஸ்ட் 5இல் மண்டேலா பிடிபட்ட சாலையோரத்தில் ஐம்பது எஃகுத் தூண்களை நட்டிருக்கிறார்கள். கிட்டப் போனால் வெறும் கம்பிகள்தான், 35 மீட்டர் தள்ளிக் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்றால் மட்டும் அவர் முகம் தெரியும். வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளுங்கள். இருட்டிய பின் நகர மையத்தில் நடக்க வேண்டாம். இன்னொன்று: டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வருகிறது. அந்த நாளில் போய் மாட்டிக்கொண்டால் சாலையும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. தேதியை இப்போதே பார்த்துவிடுங்கள், சிறை வளாகத்துக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.