₹20,000 நானே குடுத்துடவா?

கேள்வி: செங்கல் சூளையில கொத்தடிமையா இருந்து மீட்ட ஒரு இருளர் குடும்பத்துக்கு ஒரு வருஷமா துணையா இருக்கேன், வாரம் ஒருதடவை போய்ப் பார்ப்பேன், அந்தக்கா இன்னும் என்னை மேடம்னுதான் கூப்பிடுறாங்க. இப்ப பையனுக்கு உடம்பு சரியில்லாம கடன் ஆயிடுச்சு, வீட்டுக்காரர் வேற சூளையில ₹20,000 அட்வான்ஸ் வாங்கிட்டுப் போயிடலாம்னு நிக்கிறாராம். இவ்ளோ சொல்லியும் இப்படியான்னு கோவமா வருது. அந்தப் பணத்தை நானே குடுத்துடவா?
- பெயர் வேண்டாம், திருவள்ளூர்

பதில்: குடுக்காதீங்கம்மா. உங்க மனசு புரியுது, ஆனா குடுத்த மறுநாள்ல இருந்து நீங்க வாசல்ல வந்து நின்னாலே அவங்களுக்கு அந்தக் கடன்தான் ஞாபகம் வரும், பணம் குடுத்தவங்க முன்னாடி தலைகுனிஞ்சே பழகினவங்க, அப்புறம் உங்ககிட்ட உண்மையைச் சொல்லவே பயப்படுவாங்க. இப்ப அவர் அட்வான்ஸ் வாங்கப்போறது உங்க காதுக்கு வந்துச்சே, அதுவே அந்தக்கா உங்களை எவ்ளோ நம்புறாங்கன்னு காட்டுது, அதுக்குப்போய் கோவப்படாதீங்க. அவசரத்துக்கு மொத்தமா பணம் குடுக்க அவங்களுக்கு சூளைக்காரரை விட்டா யாரு இருக்கா?

முதல்ல, கொத்தடிமையில இருந்து விடுவிச்சாச்சுன்னு அரசு குடுக்குற விடுவிப்புச் சான்றிதழ் கையில இருக்கான்னு பாருங்க. அது இருந்தா உடனடி உதவியா ₹30,000 வரைக்கும் கிடைக்கணும், வழக்கு முடியுற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. வரலைன்னா கோட்டாட்சியர் ஆபீசுக்கு மனு எழுதிட்டுப் போங்க, ஆனா நீங்க பேசாதீங்க, அந்தக்காவைப் பேச விட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்க, அவங்க திணறினாலும் பரவால்ல. பழைய முதலாளி பாக்கி கேட்டு ஆள் அனுப்பினா ஒரு பைசா தர வேண்டாம், 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துலயே அந்தக் கடன் செல்லாதுன்னு ஆயிடுச்சு. வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமாவே கேக்கலாம். பையனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்போ நீங்களும் கூடப் போங்க, ஓபி சீட்டு வாங்குற இடத்துலயே விரட்டினா பாதிப்பேர் திரும்பி வந்துடுறாங்க, அங்கதான் நீங்க வேணும்.

இன்னொண்ணு, இந்த விஷயத்துல உங்களை விட, என்னை விட நல்லாப் பேசக்கூடியவங்க இருக்காங்க. மீட்கப்பட்டவங்களே சேர்ந்து நடத்துற சங்கம் நம்ம வடமாவட்டங்கள்ல இருக்கு, உங்க மாவட்டத்துலயே மீட்கப்பட்ட இருளர் குடும்பங்க சொந்தமா சூளை போட்டு கல்லு அறுத்திருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரை வீட்டுக்காரர்கிட்ட பேச வைங்க. அட்வான்ஸ் வாங்கினா என்ன ஆகும்னு நாம சொன்னா அட்வைஸ், அதே சூளையில கெடந்தவர் சொன்னா உக்காந்து கேப்பாரு.

அதுக்கப்புறமும் அவர் போறேன்னு கிளம்பினா சண்டை போடாதீங்க. எந்த ஊரு, எந்த சூளை, யாரு மேஸ்திரி, எவ்ளோ வாங்கினாங்கன்னு எழுதி வச்சுக்கோங்க, உங்க நம்பர் பையனுக்கு மனப்பாடமா தெரியுதான்னு ஒருதடவை சொல்லச் சொல்லிப் பாருங்க. அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரத்துக்கு போன் பண்ணுங்க.