இளம் வயது மரணங்கள் 40 சதவீதம் கூடினவா? எனக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயது. ஹெச்1பி வேலை விசாவில் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை, மகளுக்கு 5 வயது. வீட்டுக்கடன் 3,10,000 டாலர் பாக்கி இருக்கிறது. இரண்டு வருடச் சம்பளத்துக்குக் கம்பெனியே லைஃப் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது, வேறு பாலிசி இல்லை. ‘கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வயதினரின் மரணம் 40 சதவீதம் கூடியது, இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவரே சொன்னார்’ என்ற பழைய செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. உடனே 30 லட்சம் டாலருக்குப் பாலிசி எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். தடுப்பூசி போட்டவர்களுக்கு கிளெய்ம் தர மாட்டார்கள் என்றும் பேச்சு. என்ன செய்வது?

பதில்: அந்தச் செய்தி பொய்யில்லை. இண்டியானாபொலிஸில் உள்ள ஒன்அமெரிக்கா இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்காட் டேவிசன் 2021 டிசம்பர் கடைசியில் சொன்னது. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் இறப்பு விகிதம், கொரோனாவுக்கு முன்பு இருந்ததைவிட 40 சதவீதம் கூடிவிட்டது என்றார். இருநூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் பேரிடரில்கூட 10 சதவீதம்தான் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் 40 என்றால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆடிப்போனதில் வியப்பில்லை.

அவர் குறிப்பிட்டது 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டை. கொரோனாவின் டெல்டா வகை பரவிய அலை உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. அடுத்த காலாண்டிலும் அது தொடர்வதாகவே சொன்னார்.

சரி, சதவீதத்தை எப்படிப் பார்ப்பது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைப் பாருங்கள். 35 முதல் 44 வயதுக்காரர்களில் லட்சம் பேருக்கு 2019இல் ஏறத்தாழ 199 பேர் இறந்தார்கள். 2020இல் அது 248 ஆனது. ஏறக்குறைய 25 சதவீத உயர்வு. அதே காலத்தில் 85 வயதைத் தாண்டியவர்களில் 13,229 என்பது 15,007 ஆனது. உயர்வு 13 சதவீதம்தான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இளையவர்களுக்குத்தான் அதிக ஆபத்து என்று தோன்றும். ஆனால் கூடுதலாகப் போன உயிர்களை எண்ணினால், லட்சத்துக்கு இளையவர்களில் 49 பேர், முதியவர்களில் 1,778 பேர். அடிப்படை எண் சிறியதாக இருந்தால் கொஞ்சம் கூடினாலே சதவீதம் எகிறிவிடும்.

2021இல் உங்கள் வயதுப் பிரிவில் அது 288 வரை போனது. ஆயிரம் பேரில் 2 பேர் இறந்த இடத்தில் கிட்டத்தட்ட 3 பேர். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தையின் அப்பாவோ அம்மாவோ. 2022இலும் 2023இலும் விகிதம் இறங்கியது, ஆனாலும் 2019 அளவுக்கு வரவில்லை.

இந்த உயர்வு முழுவதும் கொரோனாவால் வந்ததும் இல்லை. ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்களை அளவு மீறி எடுத்து இறந்தவர்கள் 2019இல் சுமார் 70,600 பேர், 2021இல் 1,06,700 பேர். சாலை விபத்து மரணங்களும் கூடின. இத்தனையும் கலந்த சராசரியைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதியவர்களுக்கு முதலில் தடுப்பூசி கிடைத்ததால், டெல்டா அலையில் கொரோனா மரணங்களின் வயது கீழே இறங்கியதையும் கணக்கில் சேருங்கள்.

தடுப்பூசி போட்டால் கிளெய்ம் கிடைக்காது என்பது வெறும் வதந்தி. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பே 2021இல் அதை மறுத்துவிட்டது. விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவதுதான் முக்கியம். புகைப்பழக்கத்தையோ சர்க்கரையையோ மறைத்தால், முதல் இரண்டு வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் கம்பெனி தோண்டித் துருவும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. கம்பெனி தரும் 2,40,000 டாலர் வீட்டுக்கடனைக்கூட அடைக்காது. என்னைக் கவலைப்பட வைப்பது அது மட்டுமில்லை. வேலை போனால் அந்தப் பாலிசியும் போய்விடும். சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழக்கமாக 31 நாள் தருவார்கள், ஆனால் அப்படி மாறுவது பெரும்பாலும் முழு ஆயுள் பாலிசியாக, எக்கச்சக்கப் பிரீமியத்தில் இருக்கும். ஹெச்1பியில் இருப்பவர் அதிகபட்சம் 60 நாளுக்குள் அடுத்த வேலை தேடும் நெருக்கடியில் இதையுமா பார்ப்பார்? அதனால் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும் இப்போதே சொந்தமாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட வருடங்களுக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுத்துவிடுங்கள்.

கடன் 3,10,000. மகளுக்கு 18 வயதாகும்வரை வீட்டுச் செலவு மாதம் 5,000 என்று வைத்தால் 13 வருடத்துக்கு 7,80,000. படிப்புக்கு 1,50,000. மொத்தம் 12,40,000. ஊரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் சேருங்கள், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலும் வங்கியிலும் இருப்பதைக் கழியுங்கள். 12 லட்சத்தையொட்டி நிற்கும். 20 வருட டேர்ம் போதும். மைத்துனர் சொல்லும் 30 லட்சம் உங்களுக்குத் தேவையில்லை. அந்த வித்தியாசத்துக்குக் கட்டும் பிரீமியத்தை மகள் படிப்புக்குப் போடலாம்.

பிரீமியம் ஏறிவிடும் என்ற பயமும் வேண்டாம். 20 வருடத்துக்கும் ஒரே பிரீமியம் என்று எழுதிக் கொடுக்கும் பாலிசியை எடுத்துவிட்டால், நாளைக்கு இன்னொரு கொள்ளைநோய் வந்தாலும் கம்பெனியால் அதைக் கூட்ட முடியாது. நம் ஆட்களுக்குப் பிரீமியத்தை ஏற்றுவது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான். மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அளவு கூடியிருந்தால் அதற்காகப் பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மனைவி பேரிலும் 3 லட்சம் டாலருக்கு ஒரு டேர்ம் எடுங்கள். அவர் இல்லாவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு அமெரிக்காவில் சாதாரணமில்லை. அப்புறம், நாமினியாக முதலில் மனைவி பெயரைப் போடுங்கள். இரண்டாவதாக 5 வயது மகளை நேரடியாகப் போட்டுவிடாதீர்கள், மைனர் கையில் கம்பெனி பணம் தராது, கோர்ட்டு வரை இழுக்கும். ஒரு டிரஸ்ட் எழுதி அதைப் போடலாம், அல்லது அவளுக்காகப் பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் குறிப்பிடலாம். ஒஹையோ சட்டப்படி எது வசதி என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.