வரப்பில் உப்பு, அறுவடையில் மழை: கடைமடைச் சம்பாவுக்கு என்ன வழி?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு அருகே, ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடையில் நான்கு ஏக்கரில் நேரடி விதைப்பாகச் சம்பா செய்கிறேன். சில ஆண்டுகளாக, விதைத்த இருபது, முப்பது நாளில் இலை நுனி கருகுகிறது. தப்பிய பயிர் கார்த்திகை மழையில் மூழ்குகிறது. அதிலும் தப்பியது தை மாதத்தில் கதிரோடு சாய்கிறது. போர் தண்ணீரும் கரிக்கிறது. இரண்டு முறை ஜிப்சம் போட்டும் பலனில்லை. இன்னும் கூடுதலாகப் போடலாமா? அல்லது நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாமா ஐயா?

பதில்: ஐயா, ஜிப்சத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உப்பு என்றாலே ஜிப்சம் என்று ஒரு பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. ஆனால் அது களர் நிலத்துக்கான மருந்தே தவிர, உவர் நிலத்துக்கானது அன்று. களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும்; காய்ந்தால் கல்லாக இறுகி, நனைந்தால் நீர் இறங்காமல் கலங்கி நிற்கும். உவர் நிலத்திலோ உப்பு நீரில் கரைந்த நிலையில் இருப்பதால், காலையில் வரப்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதையும், காலால் மிதித்தால் மண் பொலபொலவென்று உதிர்வதையும் காணலாம். தாங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் தங்கள் நிலம் உவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்; அப்படியிருந்தால், போட்ட ஜிப்சமும் அங்கே இன்னொரு உப்பாகத்தான் சேர்ந்திருக்கும். வரப்போரத்தை விட்டுவிட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து அரைக் கிலோவும், போரை அரை மணி நேரம் ஓடவிட்டபின் பிடித்த அரை லிட்டர் தண்ணீரும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, முடிவு கைக்கு வந்த பிறகே எதையும் வாங்குங்கள்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பரிகாரம் புரியும். உலக அளவில் 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது, 2006-க்குப் பிறகு அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. அளவுக்குக் கூடியிருக்கிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் கடலோடு ஏறக்குறைய சமமட்டத்தில் கிடக்கும் தங்கள் பகுதியில், ஆற்றில் நன்னீர் வரத்து இல்லாத நாட்களில், கடல் ஏற்றத்தின்போது உப்பு நீர் வடிகால்களில் எதிர்த்து ஏறுவதற்கு அதுவே துணையாகிறது. நிலத்தடியில் நிலைமை இன்னும் மோசம். கடலோரத்தில் நன்னீர், கனமான உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே உள்ள நன்னீர் ஓர் அடி இறங்கினால், அடியில் உள்ள உப்பு நீர் காலப்போக்கில் சுமார் 40 அடி வரை மேலேறக்கூடும். ஆகவே, கருகும் பயிரைக் காப்பாற்றக் கரிக்கும் போர் தண்ணீரைப் பாய்ச்சுவது, நோயையே மருந்தாகக் கொடுப்பது போன்றது.

நெற்பயிர் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும்; இரண்டு, மூன்று இலைப் பருவத்தில் தாங்காது; தூர் கட்டும்போது மீண்டும் தாங்கும்; கதிர் உருவாகிப் பூக்கும்போது மறுபடி தாங்காது. நேரடி விதைப்பில் அந்த இளம் பருவம் முழுவதும் உப்பு வயலிலேயே கழிவதால்தான் தங்களுக்கு இருபது நாளில் நுனி கருகுகிறது. எனவே அதிகம் பாதிக்கும் பகுதியில் மட்டுமாவது, உப்பில்லாத மேட்டில் நாற்றங்கால் விட்டு, 30 நாள் கடந்த நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள். ஆள்கூலி கூடும் என்பது தெரியும். ஆனாலும் வயலில் பாதி சொட்டையாகிப்போவதை விட அது மேல். நடவுக்கு முன் மழைநீரை நான்கு அங்குலம் தேக்கி, இரண்டு மூன்று நாள் கழித்து வடிகாலில் வடியவிட்டு, மறுபடி தேக்குங்கள். நம் களிமண்ணில் நீர் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் ஒருமுறை செய்தால் போதாது. கோடையில் மழை கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். உவரைத் தாங்கி வளரக்கூடிய பசுந்தாள் பயிர் அது.

அடுத்தது நாள் கணக்கு. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற டெல்டாச் சம்பா மழையில் சாய்ந்ததைத் தாங்களே கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு மழையையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பதால், பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது இனி வழக்கமாகும் என்றே எண்ணிச் செயல்பட வேண்டும். மேட்டூர்த் தண்ணீரும் நாள் தவறுகிறது: 2023-இல் ஜூன் 12-இல் திறந்த அணையை அக்டோபர் 10-இலேயே மூட நேர்ந்தது, 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். எனவே 135 நாள் ரகத்தைச் செப்டம்பர் நடுவில் விதைத்தால், பூக்கும் பருவம் பெருமழை ஓயும் மார்கழி நடுவிலும், அறுவடை ஜனவரி இறுதியிலும் அமையும். உப்பைத் தாங்கும் கோ 43 நெல் ரகம் இதற்குப் பொருந்தும். மண் களர் என்று பரிசோதனை சொன்னால் திருச்சி 3 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளமான பகுதிக்கு சி.ஆர் 1009 சப் 1 ஏற்றது. முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் 155 நாள் பயிர் என்பதால் ஆகஸ்ட் இறுதிக்குள் விதைத்தாக வேண்டும். தாமதித்தால், வழக்கமாக ஜனவரி 28-இல் அணை மூடிய பின், உப்பு மேலேறும் காய்ந்த வயலில் பால் பிடிக்க நேரிடும். வெள்ளம் வடிந்தவுடன் யூரியாவை வீசாமல், புது இலை வரும்வரை ஐந்தாறு நாள் பொறுங்கள். ‘சப் 1’ என்பது மூழ்கலுக்கான குணமே. உப்புக்கு அது காப்பு அன்று. விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை என்றால், கடலோர உவர் மண்ணில் நெடுங்காலம் நின்று பழகிய குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லை அரை ஏக்கரில் போட்டுப் பாருங்கள்.

இறால் குட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை: நாகை மாவட்டத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குத்தகை முடிந்து நிலம் திரும்பக் கைக்கு வரும்போது, தங்கள் வயல் மட்டுமன்றிப் பக்கத்து வயலும் உப்பேறியிருக்கும். குட்டை வெட்டும் ஆசை இருந்தால் மழைநீருக்கு வெட்டுங்கள். ஆழம் ஐந்தாறு அடிக்கு மேல் போக வேண்டாம், போனால் உப்பு ஊற்று திறந்துவிடும்.

பயிர்க் காப்பீட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிருக்கும் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் மழையில் நனைந்த 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேளாண்மை அலுவலகத்துக்கோ தெரிவித்தால்தான் அது செல்லும்.