சுண்ணாம்பு வேற, ஜிப்சம் வேற: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு அடி தோண்டினாலே சுக்கான் கல்லு. கடலைச் செடி இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. யூரியா போட்டும் மாறல.

மாறாது. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இருக்கும், சுக்கான் கல்லோட சுண்ணாம்பு அதிகமானதால வேரால எடுக்க முடியல. 10 லிட்டர் டேங்குக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், சிட்ரிக் ஆசிட் 10 கிராம் கலந்து சாயங்காலமா இலைமேல அடிங்க, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. மண்ணுல கொட்டினா காசு தண்டம்.

கேள்வி: சேலம் பக்கம் எங்க காட்டுல வெள்ளைக்கல் கிடக்கு, சுண்ணாம்பா?

வினிகர் ரெண்டு சொட்டு விடுங்க. நுரைச்சுப் பொங்கினா சுண்ணாம்புக்கல். சும்மா கிடந்தா பெரும்பாலும் மேக்னசைட்ங்கிற மெக்னீசியம் தாது, உங்க ஊருக்குப் பேர் போனதே அதான். வெள்ளைக்காரனே ஏமாந்து அந்தக் குன்றுகளுக்கு சாக் ஹில்ஸ்னு பேர் வச்சுட்டுப் போயிட்டான், நீங்க ஏமாறுறதுல தப்பில்ல.

கேள்வி: எங்க நிலம் களர். ஜிப்சத்துக்குப் பதிலா சுண்ணாம்புத்தூள் போடலாம்னு கடையில சொல்றாங்க, ரெண்டும் கால்சியம்தானே?

இதைப் பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன். களர்ல பிரச்சனை சோடியம். அது களிமண்ணுல ஒட்டிக்கிட்டு மண்ணை இறுக்கிடுது, தண்ணி இறங்காது, பிஎச் (மண்ணோட புளிப்பு-கார அளவு) எட்டரைக்கு மேல போயிடும். ஜிப்சம் தண்ணில கொஞ்சம் கரையும், லிட்டருக்கு ரெண்டு கிராம்னு வச்சுக்கோங்க, அந்தக் கால்சியம் போய் சோடியத்தைத் தள்ளிவிடும். சுண்ணாம்புத்தூள் அந்த பிஎச்ல கரையவே கரையாது, சுட்ட சுண்ணாம்பா இருந்தா பிஎச்ச இன்னும் ஏத்திவிடும். சுண்ணாம்பு நீலகிரி மாதிரி புளிச்ச (அமில) மண்ணுக்கு. எங்க சித்தப்பா ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒன்றரை ஏக்கர் களர்ல லோடு லோடா சுண்ணாம்பு அடிச்சார், அந்த வருஷம் நெல்லு முழங்கால் உசரம்கூட வரல, கடைக்காரர் என்னடான்னா விதை சரியில்லன்னு சொல்லிட்டார். ஜிப்சம் போட்டாலும் வரப்பு கட்டி நல்ல தண்ணி தேக்கி வடிச்சுவிடணும், இல்லன்னா வெளிய வந்த சோடியம் எங்க போகும், அங்கேயேதான் கிடக்கும். முதல்ல மண் டெஸ்ட் எடுங்க. பிஎச் சாதாரணமா இருந்து ஈசி (உப்பு அளவு) மட்டும் கூடுதலா இருந்தா அது உவர் நிலம், ஜிப்சம் வேண்டாம், வடிகால் போதும்.

கேள்வி: போட்டோ அனுப்பியிருக்கேன், எவ்வளவு ஜிப்சம்?

என்ன பயிர், பிஎச் எவ்வளவு, எந்த ஊர்? போட்டோல பிஎச் தெரியாதுங்க. மண் டெஸ்ட்.

கேள்வி: கடலைக்கு ஜிப்சம் எப்போ? பொக்குக்காய் (பருப்பில்லாத காய்) நிறைய.

40-45 நாள்ல, மண் அணைக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ. காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை நேரா மண்ணுலருந்துதான் உறிஞ்சும், அதனால விழுது (பூவுலருந்து மண்ணுக்குள்ள இறங்கிக் காயாகுற காம்பு) இறங்குற இடத்துல ஜிப்சம் விழணும்.

கேள்வி: தொட்டித் தக்காளி அடிப்பக்கம் கறுத்து அழுகுது, முட்டை ஓடு போட்டேன்.

ஓடு மட்க வருஷக்கணக்காகும். தண்ணி சீரா இல்லன்னா கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, அதான் அழுகுது. ஒருநாள் விட்டு ஒருநாள் குடம் குடமா ஊத்தாம தினமும் அளவா தண்ணி விடுங்க.

கேள்வி: அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் குவாரில நத்தை மாதிரி சுருண்ட கல்லு, டைனோசரா?

இல்ல, அம்மோனைட், அழிஞ்சுபோன ஒரு கடல் உயிரியோட புதைபடிவம். அங்க கடல் இருந்த காலத்துச் சமாச்சாரம், சுமார் ஏழு கோடி வருஷமோ அதுக்கும் மேலயோ. உடைக்காதீங்க.